கடல்காற்று வீசும் வீட்டுக்கு ஒரு லேப்டாப்

அக்டோபர் 9, 2025, வியாழன்

மதியம் மகளிர் குழுக் கணக்கைப் பதிந்துகொண்டிருந்தபோது பழைய லேப்டாப் மறுபடியும் நின்றுவிட்டது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, உள்ளேயிருந்து டிக், டிக் என்று சத்தம். 2016-ல் இவர் மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வந்தபோது வாங்கிக் கொடுத்தது. இன்டெல்லின் ஆறாம் தலைமுறை ஐ3 சிப், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். மணவாளக்குறிச்சியில், அலைச் சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்கும் வீட்டில், ஒன்பது வருடம் உழைத்திருக்கிறது. குறை சொல்ல மனம் வரவில்லை.

சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு படங்களைத்தான் பென்டிரைவில் எடுத்தேன். மாமியின் கடைசி வருடப் படங்கள் அதில்தான் இருந்தன. முக்கால்வாசி வந்துவிட்டது. ஒரு ஃபோல்டர் மட்டும் திறக்கவே இல்லை. மாமாவிடம் அதைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

அக்டோபர் 11, சனி

நாகர்கோவிலுக்குப் போய் மெக்கானிக் தம்பியிடம் காட்டினேன். பின்மூடியைக் கழற்றியதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினான். யுஎஸ்பி சொருகும் இடத்தைச் சுற்றிச் செம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது. கோயில் குத்துவிளக்கில் களிம்பு பிடிக்குமே, அதே பச்சை. "உப்புக்காத்துக்கா. உப்பு ஈரத்தை இழுத்து வச்சிக்கிடும். பீரோவுக்குள்ள மாசக்கணக்கா பூட்டி வைக்காதீங்க. தினமும் கொஞ்ச நேரம் ஓடினா அந்தச் சூட்டிலேயே ஈரம் போயிரும்" என்றான். நான் பத்திரம் என்று நினைத்துத்தான் பீரோவில் வைத்திருந்தேன்.

ஹார்டு டிஸ்க் போனால், சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி போடலாம், வேகமும் கூடும் என்றான். ஆனால் கீல் உடைந்திருக்கிறது, பேட்டரி அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. இதற்கு மேல் செலவு செய்யவும் அவனே வேண்டாம் என்றான். தன் வருமானத்தைப் பார்க்காமல் அப்படிச் சொன்ன பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

அக்டோபர் 14, செவ்வாய்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஆதரவு இன்றோடு முடிகிறது. கணினி ஓடுவது நிற்காது, பாதுகாப்பு அப்டேட்தான் வராது. பதிவு செய்துகொண்டால் இன்னும் ஒரு வருடம், 2026 அக்டோபர் வரை, அந்த அப்டேட் கிடைக்கும். கணினி நல்ல நிலையில் இருப்பவர்கள் அவசரப்பட்டுத் தூக்கிப் போட வேண்டியதில்லை. எங்களுடையதில் விண்டோஸ் 11-ம் ஏறாது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும்.

இரவு இவரிடம் பேசினேன். நாற்பதாயிரத்துக்குள் பார்க்கச் சொன்னார். வேலை என்று பார்த்தால் குழுக் கணக்கு, பிளஸ் ஒன் படிக்கும் மகளின் பாடம், மாமா பார்க்கும் திருப்பலி, இவரோடு வீடியோ கால். இவ்வளவுதான். விளையாட்டுக்கு விற்கும் கனமான லேப்டாப் இந்த வீட்டுக்கு எதற்கு?

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்க, நாகர்கோவிலில் கால் வைக்க இடமில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கினேன்.

"ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கே, லேப்டாப்பும் குறையும்" என்று மைனி சொல்லி அனுப்பியிருந்தாள். குறையவில்லை. செப்டம்பரில் 28-லிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கியது டிவி, ஏசி போன்றவைதான். லேப்டாப்புக்கு முன்பும் 18, இப்போதும் 18.

முதல் கடையில் இருபதாயிரத்துச் சொச்சத்துக்கு ஒன்று காட்டினார்கள். பார்க்க அழகு, எடையும் இல்லை. செலரான் என்ற வேகம் குறைந்த சிப், 4 ஜிபி ரேம், சேமிக்க 64 ஜிபி இஎம்எம்சி. அந்த 64-ல் விண்டோஸே பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். பெரிய அப்டேட் வரும்போது இடமில்லாமல் திணறும். அந்த இஎம்எம்சி போர்டோடு ஒட்டியது, பிறகு மாற்றவும் முடியாது. விலையைப் பார்த்து ஆசைப்பட்டு இதை வாங்கிவிட்டு ஒரே வருடத்தில் அழுதவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது கடையில் "ரைசன் 7000 சீரிஸ், புதுசு அக்கா" என்றார் அந்தப் பையன். ஒட்டியிருந்த சிப் எண் 7320யு. மெக்கானிக் தம்பி சொல்லித் தந்தது நல்லதாயிற்று. இந்த வரிசையில் மூன்றாவது இலக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். 2 என்றால் சென் 2, அதாவது 2019-ல் வந்த வடிவமைப்பு. 7330யு என்றால் மூன்றாவது இலக்கம் 3, அது சென் 3. முதல் இலக்கத்தில் இருக்கும் 7 எந்த வருடத்து வரிசை என்பதை மட்டும் சொல்லும். 7320யு வீட்டு வேலைக்கு ஆகாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு வரும் ரேம் போர்டிலேயே பற்றவைத்தது. 8 ஜிபி வாங்கினால் ஆயுசுக்கும் 8 ஜிபிதான்.

அதே கடையில் விண்டோஸ் இல்லாத டாஸ் மாடலும் இருந்தது, சில ஆயிரம் குறைவு. "விண்டோஸை நாங்களே ஃப்ரீயா போட்டுத் தர்றோம்" என்றார்கள். உரிமம் இல்லாமல் போடும் விண்டோஸில் கூடவே எது வரும் என்று யாருக்குத் தெரியும்? வங்கிக் கணக்கு திறக்கும் கணினி இது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தபோது நல்ல மழை. மகளுக்குப் பழம்பொரி வாங்கிக் கொடுத்து பஸ்ஸுக்கு நின்றோம்.

அக்டோபர் 21, செவ்வாய்

மூன்றாவது கடையில் பார்த்த ஒன்று மனதில் நிற்கிறது. ஐ3-1215யு, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. 2022-ல் வந்த சிப். சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதியைக் கோர் என்கிறார்கள்; இதில் இரண்டு பெரிய கோர், நான்கு சின்ன கோர், ஆக ஆறு. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், ரேம் போட ஒரு இடம் காலியாக இருக்கிறது. நாளைக்கு மகள் கல்லூரிக்குப் போய்ப் பெரிய மென்பொருள் கேட்டால் இன்னொரு 8 ஜிபி சேர்த்துக்கொள்ளலாம்.

திரையையும் சோதித்துப் பார்த்தேன். லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டுப் பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் சிலவற்றில் முகம் கறுத்து நிறமே மாறுகிறது. அது டிஎன் பேனல். இதில் ஐபிஎஸ், எங்கிருந்து பார்த்தாலும் ஒரே நிறம். எங்கள் வீட்டில் வீடியோ கால் என்றால் நாலு பேர் சுற்றி உட்காருவோம். ஓரத்தில் உட்காரும் மாமாவுக்கும் மகன் முகம் தெரிய வேண்டுமே.

இன்று காலை அந்த நிறுவனத்தின் சேவை எண்ணுக்குப் போன் செய்தேன். எங்கள் பின்கோடைச் சொல்லி, பழுது வந்தால் ஆள் வீட்டுக்கு வருவாரா என்று கேட்டேன். வருவார், முதல் வருடம் கட்டணம் இல்லை என்றார்கள். இன்னொரு நிறுவனத்தில் கேட்டபோது திருநெல்வேலிக்குக் கொண்டு வரச் சொன்னார்கள். பழைய லேப்டாப்பை உத்தரவாதத்தில் இருந்தபோதே ஒரு சேவை மையத்தில் கொடுத்துவிட்டு 23 நாள் அலைந்தவள் நான். வாங்குவதற்கு முன் இந்த ஒரு போன் கால் எல்லோரும் செய்ய வேண்டும். "எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே கம்பெனி நல்ல மாடலும் விற்கிறது, ஆகாத மாடலும் விற்கிறது. மாடல் எண்ணையும், நம் ஊருக்கு ஆள் வருவாரா என்பதையும்தான் கேட்க வேண்டும். அதனால்தான் பெயரை இங்கே எழுதவில்லை.

அக்டோபர் 25, சனி

வாங்கியாயிற்று. 38,500 ரூபாய். கடையிலேயே பெட்டியைப் பிரித்து, சீரியல் எண் பில்லிலும் பெட்டியிலும் அடியிலும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் பதறினாள். "அம்மா, 512-ன்னாங்க, 476 தானே இருக்கு!" யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024-ஆல் பெருக்கிப் பெருக்கி எண்ணுகிறது. அந்தக் கணக்கில் 512 என்பது 476 ஆகிறது. காகிதத்தில் போட்டுக் காட்டியதும் சமாதானமானாள்.

தமிழில் அடிக்கத் தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை. குழுவின் தீர்மானப் புத்தகத்தை இனி இதிலேயே அடிக்கலாம்.

அக்டோபர் 27, திங்கள்

சார்ஜில் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்தால் கை வைக்கும் இடத்தில் எறும்பு ஊர்வது போல லேசான சுரீர். கடைக்குப் போன் செய்தேன். "த்ரீ பின்னை டூ பின் ஆக்கியிருக்கீங்களா?" என்றார். ஆக்கவில்லை. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்தால், சுவரில் மூன்று துளை இருக்கிறது, எர்த் இல்லை. முற்றத்தில் பதித்த எர்த் கம்பியின் இணைப்பு உப்பில் அரித்து அறுந்துபோயிருந்தது. எத்தனை வருடமாக அப்படியே இருந்ததோ! ஃபிரிட்ஜும் மிக்ஸியும் இத்தனை நாள் அப்படித்தான் ஓடியிருக்கின்றன. நினைக்கவே பயமாக இருக்கிறது. புதிதாகக் கம்பி போட்ட பிறகு அந்தச் சுரீர் இல்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் லேப்டாப் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இது ஐப்பசி. சாயங்காலம் ஆனால் இடி வந்துவிடுகிறது. இடி கேட்டதும் சார்ஜரைக் கழற்றும் வேலையை மாமாவே எடுத்துக்கொண்டார். சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படியும் அமைத்துவிட்டேன், பேட்டரி கூடுதல் நாள் வரும்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். மாமியின் கல்லறையில் பூவும் மெழுகுதிரியும் வைத்துவிட்டு வந்தோம். அங்கு எடுத்த படங்களை ஏற்றி, இரவு எட்டரைக்கு, மஸ்கட்டில் ஏழு மணிக்கு, இவரைக் கூப்பிட்டோம். படம் உறையவில்லை, குரல் அறுபடவில்லை. திரையில் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். இவர் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா ஓரத்திலிருந்து, "தெரியுதா மக்களே?" என்று கேட்டார். "தெளிவாத் தெரியுதுப்பா" என்றார்.

திறக்காத அந்த ஃபோல்டரைப் பற்றி இன்றுதான் இருவரிடமும் சொன்னேன். பழைய டிஸ்கை நாளை மெக்கானிக் தம்பியிடம் கொடுத்துப் பார்க்கப்போகிறேன். மீதிப் படங்கள் புதிய லேப்டாப்பில் ஒரு பிரதி, வெளியே வைக்கும் டிஸ்கில் ஒரு பிரதி, மைனி வீட்டில் ஒரு பிரதி என்று இருக்கின்றன.