சாங்கியிலிருந்து நியூவார்க்குக்கு: தூரமும் நேரமும் கணக்கிட்ட அனுபவம்

நியூஜெர்சியில் இருக்கும் தங்கையின் வீட்டுக்கு, சிங்கப்பூரிலிருந்து அம்மாவை ஜூன் மாதத்தில் அழைத்துச் செல்வதென்று முடிவானதும், பயணம் எத்தனை மணி நேரம் என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. காலையும் இரவும் தவறாமல் மாத்திரை எடுத்துக்கொள்பவருக்கு, "ஏறக்குறைய ஒரு நாள் ஆகும்" என்ற பதில் போதாது.

தூரத்தைக் கண்டுபிடிப்பது எளிதாகவே இருந்தது. சாங்கி விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும், நியூவார்க் மேற்குத் தீர்க்கரேகை 74 பாகையிலும் உள்ளன. கூட்டினால் 178 வருவதால், இரண்டுக்கும் இடையிலான மிகக் குறுகிய வழி ஏறக்குறைய வட துருவத்தின் மீதே செல்கிறது. சாங்கியிலிருந்து துருவம் வரை 88.6 பாகை, அங்கிருந்து நியூவார்க் வரை 49.3 பாகை, ஆக மொத்தம் சுமார் 138. பாகைக்கு 60 கடல் மைல், கடல் மைலுக்கு 1.852 கி.மீ. என்று பெருக்கினால் 15,300 கி.மீ.க்குச் சற்று மேல் வருகிறது. மணிக்கு 900 கி.மீ. வேகத்துக்கு இது 17 மணி நேரம்.

பயணச்சீட்டோ வேறு கணக்குச் சொன்னது. நள்ளிரவுக்குச் சற்று முன் புறப்பாடு, மறுநாள் காலை ஆறு மணியளவில் வருகை. மேலோட்டமாகப் பார்த்தால் ஆறரை மணி நேரம்தான். இரண்டும் அந்தந்த ஊர் நேரம் என்பதால், கோடைக்கால வித்தியாசமான 12 மணி நேரத்தைக் கூட்ட வேண்டும், பதினெட்டரை ஆகிறது. என் கணக்கைவிட ஒன்றரை மணி கூடுவதற்குக் காரணம், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும் மேலெழுந்து இறங்கும் நேரமும் மட்டுமல்ல, விமானம் துருவ வழியாகப் போகாததும்தான். ஜப்பானை ஒட்டிப் பசிபிக் பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பாதையில், மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. எங்கள் இருக்கைத் திரையில் வேகம் மணிக்கு 1,000 கி.மீ.யைத் தாண்டி நின்றதை அம்மாவுக்குக் காட்டினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

ஃபிராங்ஃபர்ட்டில் நின்று நியூயார்க் செல்லும் விமானத்தையும் யோசித்தோம். அது 24 மணி நேரத்தை ஒட்டி வரும். நடுவில் இறங்கி ஏறவும் வேண்டும். 2018இல் மீண்டும் தொடங்கிய இந்த நேரடிச் சேவையின் ஏர்பஸ் ஏ350 விமானத்தில் எக்கானமி வகுப்பே கிடையாது, மொத்தம் 161 இருக்கைகள்தான். ஆகவே கட்டணம் கைக்குச் சுட்டது. இருந்தாலும் முட்டிவலிக்காரரை வைத்துக்கொண்டு வேறு வழியை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

மாத்திரைதான் நிஜமான சிக்கல். கிழக்கு நோக்கிப் பறப்பதால் சில மணி நேரத்திலேயே விடிந்து, பகல் முடிந்து, தரையிறங்கும் முன்பே மறுபடியும் இருட்டிவிடுகிறது. சன்னலைப் பார்த்து வேளையை முடிவு செய்ய முடியாது. மருத்துவரைக் கேட்டபோது, இறங்கும் வரை சிங்கப்பூர் நேரத்தையே பின்பற்றச் சொன்னார். அம்மாவின் கைக்கடிகாரத்தை மாற்றாமல் விட்டு, மாத்திரை உறை ஒவ்வொன்றின் மேலும் அந்த நேரத்தைப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். வித்தியாசம் சரியாக 12 மணி என்பதால், இறங்கியபின் காலை மாத்திரை இரவு மாத்திரையாக மாறுவதோடு சரி, இடைவெளி குலையவில்லை.

டிசம்பரில் அவர் திரும்பும்போது இந்த வசதி இருக்காது. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்துவிடுவார்கள். வித்தியாசம் 13 மணியாகிவிடும். அதற்கான நேரங்களைத் தனித்தாளில் எழுதித் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன்.