ரெண்டர் ஓடும்போது எவ்வளவு சத்தம்? அம்மாபேட்டை நாட்குறிப்பு

ஏப்ரல் 6, ஞாயிறு

புது ஒர்க்ஸ்டேஷன், அதாவது கனமான வேலைக்கான கம்ப்யூட்டர், வாங்கப்போகிறேன் என்றதும் ஆளாளுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு, எத்தனை ஜிபி ராம் என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு முதல் கேள்வி, வேலை ஓடும்போது அது எவ்வளவு சத்தம் போடும் என்பதே. சேலம் செவ்வாய்ப்பேட்டை பட்டறைகளுக்குக் கொலுசு டிசைன் செய்து கொடுக்கிறேன். டை (அச்சு) வெட்டுவதற்கு முன்னால் வெள்ளியில் அது எப்படி மின்னும் என்று படமாகக் காட்டச் சொல்வார்கள், அந்த ரெண்டரிங் ஆரம்பித்தால் பிராசசரும் கார்டும் மணிக்கணக்கில் முழு மூச்சாக ஓடும். அதே அறையின் மறுபக்கம் மாலை ஏழு மணிக்கு மனைவி ஆன்லைனில் பத்தாம் வகுப்புக் கணக்கு எடுக்கிறார். பழைய டவர் (கம்ப்யூட்டர் பெட்டி) கத்தும்போது பிள்ளைகள், "மிஸ், அங்க மழைங்களா?" என்று கேட்கிறார்களாம்.

இரவு விவரத்தாள்களைப் படித்தேன். சிலவற்றில் பெல் கணக்கு, சிலவற்றில் டெசிபல். ஒரு பெல் பத்து டெசிபல், அது சரி. ஆனால் பெல்லில் போடுவது ஒலித்திறன், அதாவது மெஷின் எல்லாப் பக்கமும் சேர்த்து வெளியே விடும் மொத்த ஒலி. டெசிபலில் போடுவது பெரும்பாலும் ஒலியழுத்தம், முன்னால் உட்கார்ந்திருப்பவரின் காதருகே எவ்வளவு என்பது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது. ஐஎஸ்ஓ 7779 என்ற சர்வதேசத் தர முறையில் அளந்து ஐஎஸ்ஓ 9296 படி அறிவித்திருந்தால் நம்பலாம், ஆனால் எந்த நிலையில் அளந்தார்கள் என்ற வரியையும் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது இவ்வளவு, டிஸ்க் ஓடும்போது இவ்வளவு என்று இருக்கும். கார்டு முழுச் சுமையில் இருக்கும்போது எவ்வளவு? நான் பார்த்த தாள்கள் பலவற்றில் அந்த வரி இல்லை. எனக்கு வேண்டியதே அந்த வரிதான்.

ஏப்ரல் 9, புதன்

ஐந்து ரோடு பக்கம் ஒரு கடை. "சத்தமே இல்ல பாருங்கண்ணா" என்றார் தம்பி. உண்மைதான், அங்கே ஏசி ஓடுகிறது, வெளியே பஸ் ஹாரன், எதுவும் கேட்காது. குடியிருப்புப் பகுதிக்குச் சட்டப்படி பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு. மெயின் ரோட்டுக் கடையில் நின்று 35 டெசிபல் மெஷினைக் காதால் சோதிக்க வழியே இல்லை.

ஒரு ரெண்டர் போட்டு அரை மணி நேரம் ஓடவிடச் சொன்னேன். தம்பி பொறுமையாகச் செய்தார், நல்ல பிள்ளை. முதல் ஐந்து நிமிடச் சத்தத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது, சூட்டை இழுத்து வெளியே விடும் ஹீட்சிங்க்கும் கேபினெட்டுக்குள் இருக்கும் காற்றும் சூடேறி நிலைக்குவர கால் மணிக்கு மேல் ஆகும், அதற்கப்புறம் வருவதுதான் நம் வீட்டில் கேட்கப்போகும் சத்தம். ஃபேன் வேகத்தைக் காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், காதைவிட அந்த எண் அங்கே உதவியது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. மச்சான் வீட்டுக்கு ஏற்காடு போனோம். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போது எனக்கு வேலை நினைப்புதான். பேசும் படம் வந்த புதிதில் கேமரா ஓடும் சத்தம் மைக்கில் ஏறிவிடும் என்று கேமராவையே பெட்டிக்குள் அடைத்து வைத்துப் படம் எடுத்தார்கள். கேமராவை அடைக்கலாம், கம்ப்யூட்டரை அடைத்தால் அதுவே விட்ட சூட்டை அதுவே திரும்ப இழுத்து, ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றும். மூடிய மேசை அறைக்குள் டவரைத் தள்ளி வைப்பவர்களுக்கு நடப்பது இதுதான்.

மச்சானிடம் நான் நினைத்திருக்கும் அதே கார்டு இருக்கிறது, எஸ்டேட் தங்கும் விடுதிகளுக்கு வீடியோ எடிட் செய்கிறார். "நல்லா ஓடவிட்டுப் பாரு மாப்ள" என்று இடத்தைக் கொடுத்துவிட்டார். கீழே சேலத்தில் வெயில் பொசுக்குகிறது, மேலே அறை இதமாக இருந்தது, முழுச் சுமையிலும் ஃபேன்கள் நிதானமாகவே சுற்றின. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிட பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, அதனால் அதே வேகத்தில் ஃபேன் தள்ளும் காற்று கொஞ்சம் குறைவாகத்தான் சூட்டை எடுத்துப்போகும். ஆனாலும் குளிர்ச்சி அதை ஈடுகட்டிவிடுகிறது. இங்கே கேட்டதை வைத்து வீட்டுக்குக் கணக்குப் போடக் கூடாது என்று குறித்துக்கொண்டேன்.

இன்னொன்று. ஊர் அடங்கினதும் கார்டிலிருந்து மெல்லிசாக ஒரு கீச்சொலி கேட்டது. அது ஃபேன் இல்லை, கார்டின் மின்சுருள்கள் அதிர்வதால் வருவது. சேலத்தில் பகலில் இது காதில் விழவே விழாது.

ஏப்ரல் 20, ஞாயிறு

வாங்கியாகிவிட்டது. ஃபேன் விஷயத்தில் ஒரு கணக்கைத்தான் நம்பினேன். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும், காற்று மட்டும் பாதியாகும். பத்து டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தெரியும். ஒரே மாதிரி ஃபேன் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டாலோ கூடுவது 3 டெசிபல்தான். அதனால் பெரிய ஃபேன்களாக, எண்ணிக்கையில் கூடுதலாக, மெதுவாகச் சுற்றவிடுவதே லாபம். முன்பக்கம் 140 மில்லிமீட்டர் ஃபேன்கள், பிராசசருக்குப் பெரிய டவர் கூலர், கார்டில் மூன்று ஃபேன். ஒற்றை ஃபேன் வைத்துப் பின்பக்கமாக ஊதித்தள்ளும் ரகக் கார்டு நான்கைந்து கார்டு அடுக்குபவர்களுக்குச் சரி, ஒற்றைக் கார்டுக்கு அந்தச் சீறல் வேண்டியதில்லை. எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) தேவைக்கு மேல் கொஞ்சம் பெரிதாக எடுத்தேன், பாதிச் சுமையில் அதன் ஃபேன் ஏறக்குறைய சும்மாவே இருக்கும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை விட மனசில்லை, டிசைன் எல்லாம் அதில்தான். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் விநாடிக்கு 120, அந்த ரீங்காரம் தகரத்தில் இறங்கி மேசை முழுக்க அதிர்ந்தது. ரப்பர் வாஷர் போட்டு மாட்டி, டவரைத் தரைக்கு இறக்கியதும் அது போய்விட்டது.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒரு வாரம் ஓட்டிய பிறகு சொல்கிறேன், அளவைவிட ஏற்ற இறக்கம்தான் எரிச்சல். ஒரே சீராக ஓடும் சத்தம் பத்து நிமிடத்தில் காதிலிருந்து போய்விடுகிறது, தறிக்காரர்கள் தறிச் சத்தத்திலேயே தூங்குவது போல. ஆனால் மாடலைத் திருப்பினால் 'உஸ்ஸ்', விட்டால் அமைதி, மறுபடி 'உஸ்ஸ்' என்றால் மனசு ஒவ்வொரு தடவையும் அங்கே போகிறது. மனைவியும் அதையேதான் சொன்னார்: "ஏங்க, ஒண்ணு ஓடட்டும், இல்ல நிக்கட்டும்ங்க."

பிராசசர் சூடு ஒரு விநாடியில் இருபது டிகிரி ஏறி இறங்கும், ஃபேனும் அதன் பின்னாலேயே ஓடும்படி பயாஸில் (மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) இருந்தது. சூடு ஏறினாலும் சில விநாடி பொறுத்தே வேகம் மாறும்படி வைத்தேன், எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்று காட்டும் வரைபடத்தில் நடுவில் இருந்த செங்குத்தான கோட்டைப் படுக்க வைத்தேன். சும்மா இருக்கும்போது கார்டு ஃபேன் முழுதாக நிற்கும் வசதி கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நின்று நின்று கிளம்புவது தனித்துக் கேட்டதால் அதை எடுத்துவிட்டு எப்போதும் குறைந்த வேகத்தில் ஓடவிட்டேன். கார்டின் மின்சார வரம்பை எண்பது சதவீதத்துக்கு இறக்கினேன். ரெண்டர் முடிய கொஞ்சம் கூடுதல் நேரம், சூடும் ஃபேனும் நன்றாகவே குறைவு. வாங்கின வேகத்தை ஏன் விடுகிறாய் என்று நண்பர் கேட்டார். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கும் வேலைக்கு அந்த நேரம் எனக்குப் பெரிதில்லை.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. உள்ளே போகும் காற்று பத்து டிகிரி கூடினால் உள்ளே எல்லாமே ஏறக்குறைய பத்து டிகிரி கூடும், வேறு வழியில்லை. அமைத்து வைத்ததெல்லாம் மேலே நகர்ந்தது. மதியம் இரண்டு மணிக்கு ரெண்டர் போடுவதை நிறுத்திவிட்டேன், ராத்திரிக்குத் தள்ளியாகிவிட்டது. சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது டவர் தனியாகக் கேட்பதும் இல்லை. வகுப்பு மைக்குக்கு மட்டும் ஒரு மாற்றம், முன்பக்கம் மட்டும் நன்றாகப் பிடிக்கும் மைக் என்பதால் அதன் முதுகுப் பக்கம் டவர் வரும்படி மேசையைத் திருப்பினோம். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும், நாலு சுவருக்குள் அவ்வளவு குறையாது, அதனால் தள்ளி வைப்பதைவிடத் திருப்பி வைத்ததில்தான் பலன் தெரிந்தது.

மே 11, ஞாயிறு

முன்பக்க ஃபேன்கள் காரணமில்லாமல் வேகம் கூடியிருந்தன. ஃபில்டரைக் கழற்றினால் முழுக்கப் பஞ்சு, பக்கத்துச் சந்துத் தறிகளிலிருந்து வருவது. கழுவிக் காயவைத்து மாட்டியதும் அதே ரெண்டருக்குப் பழைய வேகத்துக்கு இறங்கிவிட்டன. இந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் டவரைத் திறக்காமலே உருவி எடுக்கும்படி ஃபில்டர் இருக்கும் கேபினெட்டாகப் பார்த்து வாங்குங்கள், திருப்புளி எடுக்க வேண்டும் என்றால் யாரும் வாராவாரம் செய்ய மாட்டோம்.

மச்சான் ராத்திரி போன் செய்தார், அந்தக் கீச்சொலிக்கு என்ன செய்வது என்று. எடிட்டிங் முன்காட்சியை விநாடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்திப் பார்க்கச் சொன்னேன், என்னுடையதில் அதற்குக் குறைந்தது.