காற்று பாதியானால் அடிநீர் கால்பங்கு

ஆனி, ஆடியில் குமரிக் கடலில் கால் வைத்தால் சில்லென்றிருக்கும். மே மாதம் 29, 30 டிகிரியில் கிடந்த மேல்நீர் 25 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். மழை மட்டும் காரணமில்லை, அடிநீர் மேலே ஏறுகிறது.

முட்டம், குளச்சல் பக்கம் கரையை ஒட்டி மேற்கிலிருந்து காற்று வீசும்போது, பூமியின் சுழற்சியால் மேல்நீர் காற்றுக்கு வலப்பக்கமாக ஒதுங்கும். இங்கே வலப்பக்கம் ஆழ்கடல். காலியான இடத்துக்குக் கீழிருந்து நைட்ரேட் என்ற சத்து நிறைந்த குளிர்நீர் வரும். அதில் நுண்பாசி தழைக்க, அதைத் தேடிச் சாளையும் நெத்திலியும் வரும்.

எவ்வளவு நீர் என்று கணக்குப் போடலாம். காற்றின் அடர்த்தி 1.2 × இழுவைக் குணகம் 0.0013 × வேகத்தின் வர்க்கம்: விநாடிக்கு 8 மீட்டர் காற்று கடல்மேல் செலுத்தும் இழுவிசை சதுர மீட்டருக்கு 0.1 நியூட்டன். அதை நீரின் அடர்த்தி 1025-ஆலும், 8 டிகிரி அட்சரேகையில் பூமியின் சுழற்சி விளைவைக் காட்டும் கொரியோலிஸ் மதிப்பு 0.0000203-ஆலும் வகுத்தால், ஒரு மீட்டர் கரைக்கு விநாடிக்கு 4.8 கன மீட்டர். காற்று 4 மீட்டரானால் 1.2 கன மீட்டர்தான். காற்றில் கரைக்கு இணையாக வீசும் பங்கை மட்டும் எடுக்க வேண்டும்.

மாதச் சராசரிக் காற்றை வைத்துக் கணக்கிடுவதுதான் பெரிய தவறு. மாதத்தில் பாதி நாட்கள் 12 மீட்டர், மீதி நாட்கள் 4 மீட்டர் என்றாலும் சராசரி 8 தான். ஆனால் வர்க்கங்களின் சராசரி 80, 64 அல்ல. இழுவிசையை நாள்வாரியாகக் கண்டுபிடித்து, பிறகு சராசரி எடுங்கள். இந்த அட்சரேகையில் கொரியோலிஸ் சுழற்சி ஒரு சுற்று முடிய மூன்றரை நாள் ஆகும். அதனால் ஒருநாள் பலத்த காற்றை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

கடல்மேல் வெப்பநிலையைக் காட்டும் செயற்கைக்கோள் படமும் ஏமாற்றும். பருவமழை மேகம் அகச்சிவப்பை மறைக்கும். மேகத்தை ஊடுருவும் மைக்ரோவேவ் கரையோரம் தடுமாறும். இடைவெளியை நிரப்பிய படத்தில், குளிர்ந்திருக்க வேண்டிய கரையோரம் வெதுவெதுப்பாகத் தெரியும். கேரளப் பக்கம் ஆற்றுநீர் மூடிபோல் மேலே படர்ந்து, கீழே ஏறிய குளிர்நீரை மறைப்பதும் உண்டு. 20 மீட்டர் ஆழத்து வெப்பநிலையைப் பாருங்கள்.

நிலம் கடலைவிட வேகமாகச் சூடாவதால் கரையோரக் காற்று வலுக்கும் என்று 1990-இல் கடலியல் ஆய்வாளர் பாகுன் சொன்னார். எல்லாக் கரைக்கும் அது பொருந்தவில்லை. மேல்நீர் சூடேறினால் அதற்கும் கீழுள்ள குளிர்நீருக்கும் இடையிலான அடுக்குப் பிரிவு இறுகும்; அதே காற்று ஆழம் குறைந்த, சத்துக் குறைந்த நீரையே ஏற்றும். மறுபக்கம், அரபிக்கடலின் அடிநீரில் ஆக்சிஜன் குறைவு. ஆவணி, புரட்டாசி வரை அந்த நீர் கரைத்திட்டில் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல்தரையில்) பரவி நின்றால் தரைமீன்கள் இடம்பெயரும். அப்போது காற்று நன்றாக அடித்திருந்தும் இழுவலை வெறுமையாக வரும்.