நாலு டயோட்டும் ஒரு சைக்கிளும்

போன மாதம் மகளின் பள்ளிக்கூட வேலைக்காகப் பாரமான பழைய அடப்டர் ஒன்றைக் கழற்றினேன். நிலைமாற்றி, ஓட்டத்தை ஒரு திசையில் மட்டும் போகவிடும் டயோட் நாலு, ஒரு கப்பாசிற்றர், அவ்வளவுதான் உள்ளே. பார்த்தவுடனே எங்கள் பௌதிகவியல் சேரின் ஞாபகம் வந்துவிட்டது.

1990 நடுவில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது, நான் ஏ.எல். பரீட்சை எடுத்து முடிக்கும்வரை வரவேயில்லை. பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் றேடியோ கேட்டோம். டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். நான் ஒரேயொரு டயோட்டைப் போட்டுப் பார்த்தேன், செய்தியை விட இரைச்சல்தான் கூடக் கேட்டது.

சேரிடம் கொண்டுபோனேன். "முதலில உன்ர றேடியோவுக்கு என்ன வேணுமெண்டு சொல்லு, அதிலயிருந்து பின்னுக்கு வா" என்றார். நாலு பற்றரி போடும் றேடியோ, அப்படியென்றால் 6 வோல்ற். டைனமோவும் 6 வோல்ற்தான், ஆனால் அலையின் உச்சி எட்டரை வரை போகும். நாலு டயோட்டில் பாலம் கட்டினால் அலையின் இரண்டு பாதியும் ஒரே திசைக்குத் திரும்பும். எந்த நேரமும் இரண்டுக்குள்ளால் ஓட்டம் போகும், ஒவ்வொன்றிலும் 0.7 வீதம் 1.4 வோல்ற் கழியும், மிச்சம் ஏழு. உச்சிகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தை நிரப்பத்தான் கப்பாசிற்றர். கரண்ட் இல்லாததால் சும்மா கிடந்த பழைய ரீவிப் பலகையிலிருந்து 1000 மைக்ரோபரட், 25 வோல்ற் ஒன்றைக் கழற்றித் தந்தார். 25 எதற்கு என்று கேட்டேன். சுமை இல்லாமல் வேகமாகச் சுற்றினால் டைனமோவின் வோல்ற் எங்கேயோ ஏறிவிடும், அதற்குத்தான் என்றார். சைக்கிள் பல்ப்பையும் கழற்றாமல் பக்கத்தில் எரியவிடச் சொன்னார், அது வோல்ற்றை ஏறவிடாமல் பிடித்து வைக்கும்.

ஈயம் பற்றவைக்கவும் கரண்ட் இல்லையே! செப்புக் கம்பித் துண்டொன்றைச் சிரட்டைக் கரியில் பழுக்கக் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் ஒவ்வொரு காலாக ஒட்டினோம். கப்பாசிற்றரின் நேர், மறை முனைகளை மட்டும் சேர் இரண்டு தரம் பார்த்தார். மாறினால் வெடிக்கும்.

அன்றிரவு அப்பா சுற்றினார், பிறகு நான், பிறகு பக்கத்து வீட்டு மாமா. கை மாறும்போது சில்லு தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். மங்கலான பல்ப் வெளிச்சத்தில் அம்மம்மா முன்னுக்கு வந்து குந்தியிருந்தா. இரைச்சல் போய்விட்டது. பிபிசி தமிழோசை, ஒரு சொல்லும் தப்பாமல் கேட்டது.