இணையத்தின் தலைமுறைகளை யார் எண்ணுவது?

அக்கா மகள் கல்லூரிப் பாடத்திலிருந்து ஒரு அட்டவணையைக் காட்டினாள். வெப் 1.0: வாசிப்பது. வெப் 2.0: வாசிப்பது, எழுதுவது. வெப் 3.0: வாசிப்பது, எழுதுவது, சொந்தமாக வைத்துக்கொள்வது. "சரிதானே மாமா?" என்றாள். மனப்பாடம் செய்ய நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிவகாசியில் டிடிபி ஆபரேட்டராக இருந்து காலண்டருக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் தமிழ் அடித்தவனுக்கு இந்தக் கணக்கு இடிக்கிறது.

முதல் கட்டமே தகராறு. வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1990இல் செர்ன் ஆய்வகத்தில் எழுதிய முதல் பிரவுசரில் பக்கத்தைப் படிக்கவும் முடியும், அதிலேயே திருத்தி எழுதவும் முடியும். ஆனால் அது நெக்ஸ்ட் கணினியில்தான் ஓடியது; அந்தக் கணினி எத்தனை பேரிடம் இருந்திருக்கும்? மற்றக் கணினிகளுக்கென்று வந்தவற்றில் எழுதும் பகுதி இல்லை. 1993இல் வந்து உலகமெங்கும் பரவிய மொசைக் பிரவுசரும் படிப்பதற்கு மட்டும்தான். ஆக, பிறக்கும்போதே எழுதத் தெரிந்த குழந்தை, வளரும்போதுதான் வாயை மூடிக்கொண்டது. அப்போதும் முழுதாக மூடவில்லை. 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்ற தளத்தில் மின்னும் எழுத்தும் ஆடும் படமுமாக ஆளாளுக்குச் சொந்தப் பக்கம் கட்டினார்கள். பார்க்கச் சகிக்காதுதான். ஆனாலும் எழுதினார்கள்.

அப்புறம் அந்த 2.0 என்ற எண். 1999இல் டார்சி டினூச்சி 'பிரிண்ட்' என்ற வடிவமைப்பு இதழில் அதை முதலில் எழுதியபோது மக்கள் பங்கேற்பைப் பற்றிப் பேசவே இல்லை. இணையம் கணினித் திரையை விட்டு இறங்கி செல்போன், டிவி, கார், மைக்ரோவேவ் அடுப்பு வரை போகும் என்றுதான் சொன்னார். 2004 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் டிம் ஓ'ரெய்லி நிறுவனம் நடத்திய மாநாட்டுக்குப் பிறகுதான் அந்தப் பெயருக்கு, எல்லோரும் எழுதிப் பங்கேற்பது என்ற இன்றைய அர்த்தம் ஒட்டிக்கொண்டது. மாநாட்டுக்கு வைத்த பெயர் பாடப்புத்தகத்துக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

தமிழில் எழுதியவர்களுக்குத் தலைமுறை மாறியது சான் பிரான்சிஸ்கோவில் அல்ல, கீபோர்டில்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒவ்வொரு பத்திரிகையின் தளத்துக்கும் ஒரு தனி ஃபான்ட். வாசிப்பதற்கே முதலில் அதை இறக்கி நிறுவவேண்டும். நாங்கள் கடையில் பாமினி என்ற ஃபான்டில் அடிப்போம். அதில் 'அம்மா' என்று அடித்து அனுப்பினால், அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து நிற்கும். அனுப்பியவன் அம்மா என்கிறான், வாங்கியவன் இது ஏதோ வைரஸ் என்கிறான். வெப் 1.0 'வாசிக்க மட்டும்' என்பதுகூட எங்களுக்குப் பெரிய சலுகைதான்.

எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யுனிகோடு வந்து இதைச் சரிசெய்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நடந்தது அப்படியல்ல. யுனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் இருந்தது. விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரணக் கணினிக்கு அது எட்டியது. அடுத்து வந்த விண்டோஸ் எக்ஸ்பியில்கூட கண்ட்ரோல் பேனலுக்குள் போய் ஒரு பெட்டியில் டிக் அடித்து, விண்டோஸ் சிடியைப் போட்டால்தான் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் உட்காரும். பிரவுசிங் சென்டரில் போய் சிடி கேட்டுப் பாருங்கள், உரிமையாளர் ஏற இறங்கப் பார்ப்பார். எ-கலப்பை மாதிரியான இலவச மென்பொருள்கள் வந்து, ஆங்கில விசையில் ஒலிப்படி தட்டினாலே தமிழ் விழத் தொடங்கியதும், டைப்ரைட்டிங் படிக்காதவர்களும் எழுத வந்தார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய தமிழ்மணம் திரட்டி 2004இல் வந்தது. இரண்டுக்கும் அடியில் இருந்தது அந்த டிக் அடித்த பெட்டிதான்.

விக்கிப்பீடியாவுக்கு முன்னால் அதே ஆட்கள் நடத்திய நூபீடியாவைப் பற்றி அட்டவணையில் ஒன்றும் இல்லை. 2000இல் தொடங்கியது; ஒரு கட்டுரை ஏழு கட்டச் சரிபார்ப்பைத் தாண்டினால்தான் வெளியே வரும். முதல் ஆண்டில் தேறியது இருபதை ஒட்டித்தான். 2001 ஜனவரியில் விக்கிப்பீடியா வந்தது. ஆண்டு முடிவதற்குள் சுமார் 20,000 கட்டுரைகள். இணையத் தொழில்நுட்பம் அந்த ஒரு வருடத்தில் தலைகீழாக மாறிவிடவில்லை. முன்னால் சரிபார்த்து அப்புறம் போடுவது என்பது, முதலில் போட்டு அப்புறம் திருத்துவது என்று ஆனது. என்னைப் போன்ற ஆளுக்கு அங்கே வேலை கிடைத்ததும் அதனால்தான். முழுக் கட்டுரை எழுதும் பொறுமை எனக்குக் கிடையாது. ஒற்று விட்டிருந்தால் போடுவேன், தேவையில்லாமல் இருந்தால் எடுப்பேன். இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006இல் ஒரு கணக்குச் சொன்னார்: நூறில் 90 பேர் பார்ப்பவர்கள், 9 பேர் எப்போதாவது கைவைப்பவர்கள், 1 ஆள்தான் நிறைய எழுதுபவர். நான் அந்த ஒன்பதில் ஒருவன்.

2009இல் ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது. அட்டவணைப்படி இதுவும் 2.0, ஒரு பத்தி எழுதுவதும் 2.0. எப்படி ஒன்றாகும்? லைக் போடுபவரும் பங்கேற்கிறார்தான், ஆனால் அடுத்து யார் கண்ணில் எது படவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அவரும் இல்லை, எழுதியவரும் இல்லை, ஃபேஸ்புக்தான். திரட்டிக் காலத்தில் புதிதாக வந்தது மேலே நிற்கும். யாராக இருந்தாலும் கொஞ்ச நேரமாவது வெளிச்சம் கிடைக்கும். இந்த மாற்றத்துக்கு ஏன் ஒரு எண் கொடுக்கவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2016இல் ஜியோ வந்து டேட்டா மலிவானதும், தட்டச்சே தேவைப்படாத கூட்டம் உள்ளே வந்தது. எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்கள் சாயங்காலம் வாசலில் நின்று டிக்டாக் வீடியோ எடுப்பார்கள். யுனிகோடு எங்களுக்குச் செய்ததை அவர்களுக்கு கேமரா செய்தது. 2020 ஜூனில் மத்திய அரசு அந்தச் செயலியைத் தடை செய்தபோது கணக்கும் பார்வையாளர்களும் மொத்தமாகக் கைவிட்டுப் போயின. ஜியோசிட்டீஸை யாகூ 2009இல் மூடியபோது மற்றவர்களுக்கு நடந்ததும் இதுதான்.

சொந்தமாக வைத்துக்கொள்வது என்ற ஆசைக்கு நியாயம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் மூன்றாவது கட்டத்தில் இரண்டு வேறு விஷயங்களை அடைத்துவைத்திருக்கிறார்கள். இயந்திரங்களுக்கும் பொருள் புரியும் இணையம் என்று பெர்னர்ஸ் லீ 2001இல் எழுதியது ஒன்று. ஈத்திரியம் என்ற பிளாக்செயினை உருவாக்கியவர்களில் ஒருவரான கேவின் உட் 2014இல் வெப்3 என்று சொன்ன, பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் பொதுப் பதிவேடான பிளாக்செயின் சமாச்சாரம் இன்னொன்று. சொந்தம் கொண்டாடும் பேச்சு இரண்டாவதில்தான் வருகிறது. அதில் ஒரு வரி பதியவேண்டுமானாலும் வாலெட் என்ற டிஜிட்டல் பணப்பை வேண்டும், ஒவ்வொரு பதிவுக்கும் கேஸ் என்ற கட்டணம் வேண்டும். எழுதுவதற்கான செலவு இத்தனை வருடமாக இறங்கிக்கொண்டே வந்தது, இங்கே மறுபடி ஏறுகிறது. கூட்டம் சேரும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஈத்திரியத்தில் யாராவது ஒரு தமிழ்ப் பத்தி முழுதாகப் பதிந்து பார்த்திருந்தால், எவ்வளவு செலவானது என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.