தாரெமி நாட்குறிப்பு, 2025

மார்ச் 25

ஈரான் 2026 கால்பந்து உலகக் கோப்பைக்குப் போயாச்சு. டெஹ்ரானில் உஸ்பெகிஸ்தானோடு 2-2. தேவைப்பட்டது ஒரே ஒரு புள்ளிதான், அதற்கே நாக்குத் தள்ளிவிட்டது. இரண்டு தடவை பின்தங்கினார்கள், இரண்டு தடவையும் ஸ்ட்ரைக்கர் மெஹ்தி தாரெமிதான் சமன் செய்தார். இத்தாலியில் இவர் ஆடும் இன்டர் மிலானில் இந்த சீசன் லீகில் இதுவரை ஒரே ஒரு கோல், அதுவும் லெச்சே அணிக்கு எதிராக ஒரு பெனால்டி என்று கிண்டல் செய்துகொண்டிருந்தவர்கள் இன்று ஒருத்தரையும் காணோம்.

இந்த வருடம் முழுக்க இந்த மனிதரைப் பின்தொடர்ந்து எழுதலாம் என்றிருக்கிறேன். வயது 32. வெளிநாட்டில் ஆடும் ஈரானியர்களில் இன்று இவர்தான் பெரிய கிளப்பில் இருப்பவர், ஆனால் ஐரோப்பாவுக்கு வந்து சேரும்போதே 27 ஆகிவிட்டது. அந்தத் தாமதம்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

மார்ச் 29

அந்தத் தாமதத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். வளைகுடாக் கரையில் இருக்கும் பூஷேர்காரர். 2014இல் டெஹ்ரானின் பெர்செபோலிஸ் கிளப்புக்கு வந்தார். 2015-16, 2016-17 இரண்டு சீசனிலும் ஈரான் லீகில் அதிக கோல் அடித்தவர் இவர்தான். நியாயமாகப் பார்த்தால் அப்போதே ஐரோப்பா. நடந்தது வேறு. 2016இல் துருக்கியின் ரிசேஸ்போர் கிளப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மனசு மாறி பெர்செபோலிஸுக்கே திரும்பிவிட்டார். துருக்கிக்காரர்கள் ஃபிஃபாவுக்குப் போனார்கள். இவருக்கு நான்கு மாதத் தடை, பெர்செபோலிஸ் இரண்டு டிரான்ஸ்பர் விண்டோவுக்கு, அதாவது ஆட்கள் கிளப் மாறும் இரண்டு பருவத்துக்கு, புது ஆட்களைப் பதிவு செய்ய முடியாது. (அந்தத் தடையோடேயே பெர்செபோலிஸ் 2018 ஆசிய சாம்பியன்ஸ் லீக் இறுதிவரை போனது தனிக் கதை.) அப்புறம் 2018 ஜனவரியில் கத்தாரின் அல்-கராஃபா. நெதர்லாந்தின் ஸ்னைடரும் அதே மாதம்தான் அங்கே வந்தார், ஆனால் அவர் எல்லாம் ஆடி முடித்துவிட்டு வந்தவர், இவர் இனிமேல்தான் ஆரம்பிக்க வேண்டியவர்.

கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியது இவர் செய்த தப்பு, அதை மறைத்துப் பேச ஒன்றுமில்லை.

ஏப்ரல் 6

இன்று பழைய வீடியோக்கள்தான். 2019 ஆகஸ்ட், போர்ச்சுகலில் ரியோ ஆவே என்ற சின்ன கிளப். அவேஸ் அணிக்கு எதிராக ஹாட்ரிக். அடுத்த வாரமே லிஸ்பனில் ஸ்போர்ட்டிங்கோடு, அவர்கள் சொந்த மைதானத்தில். மூன்று பெனால்டி கிடைத்து ரியோ ஆவே 3-2 ஜெயித்தது, மூன்றையும் வாங்கிக் கொடுத்தது தாரெமி, மூன்று தடவையும் ஃபவுல் செய்து மாட்டியது கோட்டெஸ் என்ற ஒரே ஆள்! பந்துக்கும் டிஃபெண்டருக்கும் நடுவில் கடைசி நொடியில் தன் உடம்பை நுழைத்துவிடுகிறார், ஓடிவருகிறவன் இடிக்காமல் இருக்க முடியாது. அந்த சீசனில் 18 கோல், லீகின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். போர்ச்சுகலின் பெரிய கிளப்பான போர்ட்டோ கூப்பிட்டது.

விழுந்து ஏமாற்றுகிறவர் என்ற பேரும் போர்ச்சுகலில்தான் கிடைத்தது. முழுக்கப் பொய் என்று சொல்லமாட்டேன். 2022 செப்டம்பரில் அத்லெட்டிகோ மாட்ரிட்டோடு ஆடும்போது நடித்து விழுந்ததற்காகத்தான் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியே போனார். ஆனால் 2022-23 சீசனில் 22 கோலோடு போர்ச்சுகல் லீகின் முதலிடம் விழுந்து விழுந்து வந்தது இல்லை.

மே 7

தூக்கம் போச்சு, பரவாயில்லை. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, இன்டர் 4, பார்சலோனா 3, இரண்டு ஆட்டமும் சேர்த்து 7-6. ஆட்டம் முடியும் நேரத்தில் அச்செர்பி அடித்ததை எல்லாரும் பேசுவார்கள். எனக்குக் கூடுதல் நேரத்தில் வந்த 99ஆவது நிமிடம்தான். துராம் வலது பக்கம் ஆளை இழுத்துக்கொண்டு போய் உள்ளே தள்ளுகிறார், தாரெமி கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். சுழன்று அடித்திருக்கலாம், பல ஸ்ட்ரைக்கர்கள் அதைத்தான் செய்வார்கள். இவர் பந்தை மெதுவாக நகர்த்தி ஃபிராத்தேசி காலில் வைத்தார். ஃபிராத்தேசி ஒரு நொடி பொறுத்து இடது காலால் மூலையில் போட்டார். மறுநாள் பேப்பரில் கோல் அடித்தவர் பேர்தான் வரும்.

2021இல் போர்ட்டோவில் இருந்தபோது தாரெமி செல்சிக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் பைசிக்கிள் கிக் அடித்தாரே, கொரோனாவால் இரண்டு ஆட்டமும் செவில்லாவில் காலி மைதானத்தில் நடந்தனவே, அதில் இரண்டாவது ஆட்டம். அந்த வருட சாம்பியன்ஸ் லீகின் சிறந்த கோல் அது. உலகத்துக்கு அவரைத் தெரிந்தது அதனால்தான். ஆனால் அந்த கோலால் போர்ட்டோ கரையேறவில்லை. நேற்றைய பாஸ் ஒரு அணியை இறுதிக்கே கொண்டுபோயிருக்கிறது.

ஜூன் 1

மியூனிக்கில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. பி.எஸ்.ஜி. 5, இன்டர் 0. தாரெமியை இறக்கவே இல்லை. 1999 இறுதியில் பயர்ன் மியூனிக் பெஞ்சில் இன்னொரு ஈரானிய ஸ்ட்ரைக்கர் அலி தாயியும் இப்படித்தான் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 14

கிளப் உலகக் கோப்பைக்காக இன்டர் அமெரிக்கா போயிருக்கிறது. தாரெமி செவ்வாய்க்கிழமைதான் ஈரானுக்காக வட கொரியாவோடு ஆடினார், 3-0 வெற்றி. முடித்துவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் பறக்க வேண்டியவர். நேற்று விடிகாலை இஸ்ரேல் குண்டு போட ஆரம்பித்தது, வான்வெளியை மூடிவிட்டார்கள். ஆள் டெஹ்ரானில் மாட்டிக்கொண்டார்.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், ஈரானியர்கள் உட்படப் பல நாட்டவர் அமெரிக்காவுக்குள் வரக் கூடாது என்று ட்ரம்ப் போட்ட தடை இந்த 9ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. பெரிய போட்டிகளுக்கு வரும் விளையாட்டு வீரர்களுக்கு அதில் விலக்கு உண்டு. காகிதத்தில் கதவு திறந்திருக்கிறது, கிளம்ப விமானம் இல்லை.

ஜூன் 18

காலை ஆறரைக்கு ஆட்டம். இன்டர் 1, மான்டெர்ரே 1. ராமோஸ் தலையால் முட்டி அடித்தார், லௌதாரோ சமன் செய்தார். புது கோச் கிவுவுக்கு முதல் ஆட்டம். புது கோச் வரும் நேரத்தில்தான் பெஞ்சில் இருப்பவர்களுக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கும், தாரெமிக்கு அதுவும் போச்சு. சொல்லும்போதே கூச்சமாகத்தான் இருக்கிறது, டெஹ்ரானில் மக்கள் காரில் பெட்ரோலுக்கு வரிசை நின்று ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள், நான் ஒரு ஸ்ட்ரைக்கரின் பெஞ்ச் இடத்தைப் பற்றிக் கவலைப்படுகிறேன்.

ஜூலை 1

போர்நிறுத்தம் வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்டர் பிரேசிலின் ஃப்ளுமினென்ஸேயிடம் 0-2 தோற்று வெளியே. இனி தாரெமியை விற்றுவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 31

விற்றுவிட்டார்கள். கிரீஸின் ஒலிம்பியாகோஸ், அதே 99ஆம் நம்பர் சட்டை. இறங்கிப்போய்விட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, சாம்பியன்ஸ் லீக் ஆடும் அணி, எல் காபி என்ற ஸ்ட்ரைக்கர் பக்கத்தில் ஆடலாம், தாரெமிக்கோ பாஸ் கொடுக்கப் பிடிக்கும்.

கிரீஸ் ஈரானியர்களுக்குப் புதிதும் இல்லை. ஷொஜாயீ, ஹாஜ்சஃபி இருவரும் பானியோனியோஸ் என்ற கிரேக்க கிளப்பில் ஆடினார்கள். 2017 ஆகஸ்டில் அந்த கிளப்புக்கு இஸ்ரேலின் மக்காபி டெல் அவிவோடு ஆட்டம் வந்தது, இஸ்ரேல் அணியோடு ஈரானியர் ஆடுவதை ஈரான் அரசு ஏற்பதில்லை. ஆடாவிட்டால் கிளப்போடு தகராறு, ஆடினால் ஊரில் தகராறு. ஆடினார்கள். தேசிய அணியில் இனி இவர்களுக்கு இடமில்லை என்று விளையாட்டுத் துறைத் துணை அமைச்சரே அறிவித்தார். அப்புறம் எப்படியோ சரிக்கட்டி, இருவரும் 2018 உலகக் கோப்பைக்குப் போனார்கள். ஒரு பிரேசில்காரனுக்கோ கொரியாக்காரனுக்கோ குலுக்கலில் எந்த அணி வருகிறது என்று பார்த்து இப்படி வயிற்றில் புளி கரையுமா?

நவம்பர் 27

ஒலிம்பியாகோஸ் 3, ரியல் மாட்ரிட் 4. எம்பாப்பே நான்கு கோல், அதில் மூன்று ஏழே நிமிடத்துக்குள். அதையெல்லாம் தாண்டி, இடைவேளைக்கு அப்புறம் தாரெமி எகிறி முட்டிய ஒரு கோல். 33 வயதில் மாட்ரிட் டிஃபென்ஸுக்கு மேலே அந்தக் குதி. பிரேயஸில் அந்த நேரம் போட்ட சத்தம் டிவியிலேயே காதை அடைத்தது.

டிசம்பர் 6

உலகக் கோப்பை குலுக்கல் முடிந்தது. ஈரானோடு பெல்ஜியம், எகிப்து, நியூசிலாந்து. குலுக்கலுக்குப் போக ஈரான் கால்பந்து சங்கத் தலைவருக்கே அமெரிக்கா விசா கொடுக்கவில்லை, புறக்கணிப்போம் என்று சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசியில் சின்னக் குழுவை அனுப்பினார்கள். ஆடுகிறவர்களுக்கு விலக்கு உண்டு, பார்க்க வரும் ரசிகர்களுக்கு இல்லை.

முதல் இரண்டு ஆட்டம் லாஸ் ஏஞ்சல்ஸில். அங்கே ஏற்கெனவே குடியேறிய ஈரானியர்கள் ஏராளம், அதனால் மைதானம் காலியாக இருக்காது, ஆனால் அவர்கள் அணியோடு நிற்பார்களா, எதிராகக் குரல் கொடுப்பார்களா என்பது வேறு விஷயம். 2022இல் இங்கிலாந்து ஆட்டத்துக்கு முன் வீரர்கள் தேசிய கீதம் பாடாமல் நின்றதையும், அன்று 6-2 தோல்வியில் தாரெமி அடித்த இரண்டு கோலை ஈரானியர்களே முழு மனதோடு கொண்டாட முடியாமல் போனதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆட்டத்தை மட்டும் வைத்துச் சொன்னால், நியூசிலாந்தை ஜெயித்தே ஆக வேண்டும், பெல்ஜியத்திடம் ஒரு டிரா பார்க்கலாம். ஈரான் கோச் கலெனோயி தாரெமியைத் தனியாக முன்னால் நிறுத்திவிட்டு நீளப் பந்து போடாமல் இருந்தால் சரி.