ஓடுற எலிக்கு படிப்பும் ஏறுது

கம்பம் பக்கம் எங்க ஊர்ல கோம்பை நாயை நாள் முழுக்க சங்கிலில கட்டி வச்சிட்டு, சொன்னா புரியல இதுக்குன்னு திட்டுறாங்க, கேட்டாலே மனசு கஷ்டமா இருக்கு. 1999ல அமெரிக்காவுல சால்க் இன்ஸ்டிடியூட்ல ஹென்ரியெட் வான் பிராக், ஃப்ரெட் கேஜ் டீம் சுண்டெலி கூண்டுல சக்கரம் வச்சு பாத்தாங்க, யாரும் விரட்டல, அதுங்களாதான் ஓடுச்சு, ஓடுன எலிங்களுக்கு மூளையில கத்துக்கவும் ஞாபகம் வச்சுக்கவும் உதவுற ஹிப்போகேம்பஸ்ங்கிற பகுதில புது நியூரான் (நரம்பு செல்) அதிகமா உருவாச்சு, தண்ணித் தொட்டிக்குள்ள மறைஞ்சிருக்கிற மேடைய கண்டுபிடிக்கவும் நல்லா கத்துக்கிச்சு. ஓட்டத்தால மூளையில நரம்பு செல் வளர உதவுற பிடிஎன்எஃப்ங்கிற புரதம் கூடுது. எனக்கு ரொம்ப பிடிச்சது வேற, நெதர்லாந்துல சக்கரத்த வெட்டவெளில வச்சாங்க, காட்டு எலிங்க தானா வந்து ஓடுச்சு (2014ல வெளியான ஆய்வு), எலிய வரவைக்க வச்ச இரைய நிறுத்தின பிறகும் வந்துச்சு! குமுளி அடிவாரத்துல இவ்ளோ எடம் இருக்கே, காலைல நாயை நல்லா ஓட விட்டுட்டு அப்புறம் பழக்குங்க.